வந்து போறவங்க வீடு

ரசமட்டம் என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கொத்து வேலைக்காரர்கள் வைக்கும் கட்டைக்குத்தான் ரசமட்டம் என்று பெயர். நடுவில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. அந்தக் கட்டை இல்லாமல் கண்ணாலேயே சொல்லிவிடுவதால் தனக்கு அந்தப் பெயர் வந்தது என்பார் அவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்பே தரையைக் குறை சொல்வதால் வந்தது என்பார்கள் மற்றவர்கள்.

நாற்பது வருடமாக டைல்ஸ் ஒட்டுகிறார். யாரும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. கலவை சுமந்த நாட்களில் மற்றவர்கள் கையைப் பார்த்தும், அவர்கள் பெயர்த்துப் போட்ட தப்புகளைப் பார்த்தும் கற்றுக்கொண்டார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது குளியலறை வேலை. கூடத்துத் தரை நேராக இருந்தால் போதும். குளியலறைத் தரைக்கு வாட்டம் வேண்டும். தண்ணீர் தானாக ஓடிப்போய் மூலையிலுள்ள வடிகால் ஜாலிக்குள் இறங்குவதற்கான சரிவு அது. அடிக்கு இரண்டு நூல் என்பது அவர் கணக்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஒரு நூல் குறைந்தால் தண்ணீர் தேங்கும், ஒரு நூல் கூடினால் நிற்கும்போது கால் உறுத்தும். “முகத்துல வாட்டம் இருந்தா துடைச்சுக்கலாம், தரையில வாட்டம் இல்லேன்னா காலம் பூரா துடைக்கணும்” என்று புது வேலை தொடங்கும்போதெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

மகளைக் கொடுத்த வீட்டுக்கு முதல்முறை போனபோது, வாசலில் நின்றபடியே குடிக்கத் தண்ணீர் கேட்டார். சம்பந்தியம்மா ஓடிப்போய்ச் சொம்பு நிறையக் கொண்டுவந்தார்கள். அதை வாங்கிக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போய்த் தரையில் ஊற்றி, குனிந்து பார்த்துவிட்டு வந்து, “போட்டவன் அரைகுறை” என்றார். அதைப் போட்டது சம்பந்தியின் தம்பி. அந்தக் கதையை மகள் இன்றைக்கும் சிரிக்காமல் சொல்வாள்.

அவர் மனைவிக்குத் தையல் வேலை. ஆயத்த ஆடைக் கம்பெனியிலிருந்து மூட்டை மூட்டையாகச் சட்டைகள் வரும். காஜா எடுத்து, பட்டன் தைத்து, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். முப்பத்தைந்து வருடமாக மாலை நேரங்களில் அவள் ஊசியை ஓட்டிக்கொண்டிருக்க, அவர் எதிரே உட்கார்ந்து ஊரிலுள்ள மற்ற மேஸ்திரிகள் போட்ட தரைகளை ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டிருப்பார். மட்டம், வாட்டம், நூல், அடிக்கலவை, வெடிப்பு எல்லாம் கேட்டுக் கேட்டே அவளுக்குப் பாடமாகிவிட்டது. அந்த முப்பத்தைந்து வருடத்தில் குடித்த டீ டம்ளரை அவர் ஒருநாளும் எடுத்துக் கழுவியதில்லை. அவளும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. சொல்லிப் பயனில்லாததைச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அவளுடைய இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், வேறு மூட்டு வைக்க வேண்டியதாகிவிட்டது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டாக்டர் மூன்று விஷயங்கள் சொன்னார். தினமும் நடக்க வேண்டும். முதல் பன்னிரண்டு நாள் தினமும் பயிற்சி நிலையத்துக்கு வர வேண்டும். ஆறு வாரத்துக்கு எக்காரணம் கொண்டும் வழுக்கி விழக் கூடாது, விழுந்தால் வைத்த மூட்டு விலகும், மறுபடி எல்லாம் முதலிலிருந்து. அவர்கள் வீடு ஊரின் மறுகோடியில், லிப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடி. அதனால் மகள் ஒரு ஏற்பாடு செய்தாள். மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நாள் வாடகைக்கு ஒரு வீடு. பழைய வீட்டைப் புதுப்பித்து, கட்டில் மெத்தை அடுப்பு எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். பன்னிரண்டு நாளைக்கு எடுத்தாள். அவள் வேலை பார்க்கும் காப்பீட்டு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காததால், கூட இருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுக்கு.

“இங்க பாருங்கப்பா, எவ்வளவு அழகா இருக்கு!” என்று அம்மாவின் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று போனை நீட்டினாள்.

வெள்ளைச் சுவர், தொட்டிச் செடி, அகலமான கட்டில். விரலால் தள்ளத் தள்ளப் படங்கள் வந்தன. நாலாவது படம் குளியலறை. அவர் போனைக் கையில் வாங்கிக்கொண்டார். சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய கற்கள், கூடத்திலிருந்து கோடு மாறாமல் கதவைத் தாண்டிக் குளியலறைக்குள் போயின. கைகழுவும் தொட்டிக்குப் பின்னால், இடது ஓரத்தில் மட்டும் பாதிக் கல். அந்தப் பாதிக் கல்லை வெட்டியவர் அவர்தான்.

“இந்த வீடு வேண்டாம்” என்றார்.

“ஏன்?”

“பாத்ரூம் சரியில்ல.”

“படத்தைப் பார்த்தே வாட்டம் தெரிஞ்சுடுச்சா உங்களுக்கு?”

ஊசி போட வந்த நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். படுத்திருந்த மனைவியும் சிரித்தாள். “கல்யாண போட்டோவுல மூஞ்சியைப் பார்க்காம தரையைப் பார்த்த ஆளு இவரு. நீ பாட்டுக்கு எடும்மா.”

“எடுத்தாச்சும்மா. இனிமே வேண்டாம்னா பணம் திரும்ப வராது.”

ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ‘அந்தத் தரையை நான்தான் போட்டேன், தப்பாப் போட்டேன்.’ வாயைத் திறந்தார். மகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னும் சிரிக்கத் தயாராக இருந்தாள். மூடிக்கொண்டார்.

நான்கு வருடத்துக்கு முந்தைய வேலை அது. அந்த வீட்டின் பழைய குளியலறையில் தண்ணீர் போகும் ஜாலி கதவோரமாக இருந்தது. அதனால் பழைய தளமும் கதவைப் பார்த்துச் சரிந்திருந்தது. புதுப்பித்தபோது ஜாலியை உள்பக்கம், ஜன்னலுக்குக் கீழே மாற்றினார்கள். கூடமும் குளியலறையும் ஒரே தரையாகத் தெரிய வேண்டும், நடுவில் தடுப்புக்கட்டை இருந்தால் படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் பழைய தளத்தை இரண்டு விரல் ஆழத்துக்குக் கொத்தி எடுத்து, வாட்டத்தை உள்பக்கமாகத் திருப்ப வேண்டும். மூன்று நாள் சுத்தியல் வேலை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்பது உண்மை. ஆனால் கொத்தாதே என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேறு இடத்தில் பெரிய வேலை ஒன்று அவருக்காகக் காத்திருந்தது. மணிக்கட்டு வலித்தது. பழைய தளத்தின் மேலேயே கலவையைக் கொட்டி, கல்லைப் பதித்துவிட்டார்.

காய்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஜாலியை விட்டுவிட்டுக் கதவைப் பார்த்து ஓடி வந்தது. குழாய் வேலைக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன மேஸ்திரி, தண்ணி உங்களைத் தேடிக்கிட்டு வருது?”

“வந்தா வரட்டும்.”

“நீங்களா பேசறது?”

“யாருய்யா இங்க குடியிருக்கப் போறா? வந்து போறவங்க வீடு. ரெண்டு நாள் குளிப்பான், மூணாம் நாள் பொட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான். அவனுக்கு இது போதும்.”

அதற்குப் பிறகு அந்த வீட்டை அவர் நினைக்கவில்லை. அல்லது, நினைவு வந்தபோதெல்லாம் அதே வாக்கியத்தைத் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வாடகைக் காரின் டிக்கியில், அவள் பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டத்தைப் படுக்கப் போட்டுக்கொண்டு இருவரும் அந்தத் தெருவில் போய் இறங்கினார்கள். தெருவிலிருந்து ஆறு படி, பிறகு லிப்ட். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்தாள். அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். ஓடி வந்த தண்ணீர் கதவருகே நின்றது. நான்கு வருடத்தில் எத்தனையோ பேர் குளித்து, கதவோரக் கற்கள் நிறம் மங்கி வழவழவென்று ஆகியிருந்தன. பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். சோப்புக்கட்டியைத் தொட்டது போலிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து அவருக்கு இதுதான் வேலை. அவள் எழுந்திருக்கும் முன்னே எழுந்து குளியலறைத் தரையைக் காய்ந்த துணியால் துடைப்பார். வெந்நீர் சரிபார்த்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைப்பார். கதவை ஒருக்களித்துச் சாத்தி வெளியே நிற்பார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றதும், “எந்திரிக்காத, எந்திரிக்காத” என்று சொல்லிக்கொண்டே துண்டோடு உள்ளே போய், அவள் கால் படப்போகும் கல்லையெல்லாம் மண்டியிட்டுத் துடைப்பார். பிறகுதான் அவள் எழலாம். பகலில் அவள் கைகழுவப் போனாலும் பின்னாலேயே துணியோடு போவார்.

முதல் இரண்டு நாள் அவள் கூச்சப்பட்டாள். “இதென்னங்க, சின்னப் பிள்ளைக்குப் பண்ற மாதிரி.”

“டாக்டர் சொன்னதைக் கேட்டல்ல?”

“டாக்டர் ஆயிரம் சொல்லுவாரு. என் பிரசவத்துக்கும்தான் ஒரு டாக்டர் என்னென்னவோ சொன்னாங்க. நீங்க அன்னைக்கு வேலைக்குப் போயிட்டீங்க.”

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாளிலிருந்து அவள் முகமே மாறிவிட்டது. காலையில் நடந்தே பயிற்சி நிலையத்துக்குப் போவார்கள். ஐந்து தெருதான். நடைபாதையில் எங்கும் உடைசல் இல்லை, வண்டிகள் ஏறி நிற்கவில்லை. வழியில் ரொட்டிக் கடை, மருந்துக் கடை, மரத்தடியில் பெஞ்சு. பட்டன் மட்டுமே விற்கும் ஒரு சின்னக் கடையும் இருந்தது. அவள் அதன் முன்னால் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு கால்மணி நேரம் நிற்பாள். சிப்பிப் பட்டன், மரப் பட்டன், துணி சுற்றிய பட்டன். ஆயுசு முழுக்கத் தைத்தது பிளாஸ்டிக் பட்டன்தான்.

“முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கோம். இப்படி ஒரு தெரு இருக்குன்னு எனக்குத் தெரியாதே. நீங்க இந்தப் பக்கமெல்லாம் வேலைக்கு வந்திருக்கீங்களா?”

“ஞாபகம் இல்ல” என்றார்.

பகலில் அவள் தங்கையோடு போனில் பேசுவாள். அவர் அடுப்படியில் டம்ளர் கழுவுகிற சத்தத்தில் தன் குரல் கேட்காது என்று நினைத்துக்கொள்வாள். “நம்ப மாட்ட, டீ போட்டுக் குடுக்கறாருடி... சத்தியமா... குளிக்கப் போனா வாசல்லயே நிக்கறாரு... ஆமா, துணியை வெச்சுக்கிட்டுக் கீழ உட்கார்ந்து துடைக்கறாரு... போடி, உன் வீட்டுக்காரரு அமாவாசைக்கு ஒருதரம் துணி மடிச்சா ஊரைக் கூட்டுவே... எனக்கு இடுப்பு போனாலும் பரவாயில்லேன்னு தோணுதுடி. இப்பதான் மனுஷனாயிருக்காரு.”

ரசமட்டம் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார். இந்தப் பன்னிரண்டு நாளை விழாமல் கடத்திவிட்டால் போதும் என்று வந்தவர் அவர். இப்போது அவள் விழவும் கூடாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. எதற்கு அதிகம் பயப்படுகிறோம் என்று அவருக்கே தெளிவாகவில்லை.

மூன்று நாளைக்கு ஒருமுறை படுக்கை விரிப்பு மாற்றவும் வீட்டைத் துடைக்கவும் ஒருத்தி வருவாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். இதுபோல் பதினொரு வீடுகளைப் பார்த்துக்கொள்கிறாள். பதினொரு வீட்டுச் சாவியும் ஒரே வளையத்தில் இடுப்பில் தொங்கும். அவள் லிப்டை விட்டு வெளியே வருவதற்குள் சத்தம் வந்துவிடும். மனைவி அவளுக்குச் சாவிக்காரி என்று பெயர் வைத்தாள். இரண்டாவது தடவை வந்தபோதே இருவரும் அக்கா தங்கை முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் அவளுக்கு அண்ணன் ஆனார்.

ஒன்பதாம் நாள் சாவிக்காரி வந்தபோது மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து, சாவிக்காரியின் வேலைச் சட்டையில் அறுந்துபோன பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தாள். போன தடவை வந்தபோது கேட்டு வாங்கி வைத்தது. சாவிக்காரி குளியலறைக்குள் போனாள். தண்ணீரைத் தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு அவள் குரல்.

“இந்தத் தரையைப் போட்டவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!”

“என்னம்மா ஆச்சு?”

“என்னன்னு சொல்றது அக்கா! பதினோரு பாத்ரூம் கழுவறேன். பத்து ஒழுங்கா இருக்கு. இது ஒண்ணு மட்டும் நான் உள்ள தள்ளினா வெளியே வருது. நாலு வருஷமா இதோட குடித்தனம் பண்றேன். மொத வருஷமே இங்கதான் வழுக்கி விழுந்து கை போச்சு.” வெளியே வந்து இடது மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு சற்றே மேடாகச் சேர்ந்திருந்தது. “பாருங்க, துணி பிழிய முடியாது இப்பவும். இந்த வீட்டு ஓனரு என்ன சொன்னாரு தெரியுமா? பார்த்து நடக்கக் கூடாதான்னாரு. போட்டவனைச் சொல்லணும். அவன் பொண்டாட்டி இதே மாதிரி ஒருநாள் வழுக்கி விழணும். அப்பத்தான் அவனுக்கு உறைக்கும்.”

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அவ பாவம், என்ன பண்ணா? அவளை விட்டுடும்மா. அவனுக்கே சாபம் குடு.”

இருவரும் சிரித்தார்கள்.

“எங்க வீட்டுக்காரரு இதுல பெரிய ஆளு. அவரைப் பார்க்கச் சொல்லேன்” என்றாள் மனைவி. “ஊர்ல ஒரு பய போட்ட தரையையும் நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டாரு. வந்த அன்னைக்கே இதைத் திட்டுவாருன்னு பார்த்தேன், ஆளு வாயே திறக்கல. என்னங்க, போய்ப் பாருங்களேன்.”

“மேஸ்திரியா? அதைச் சொல்லவே இல்லையே அண்ணே. வாங்க, வந்து பாருங்க. என்ன கோளாறுன்னு சொல்லுங்க, நான் ஓனர்கிட்ட சொல்லி ஒரு வழி பண்றேன்.”

அவர் எழுந்து போனார். குளியலறை வாசலில் நின்றார். பார்ப்பதற்கு அங்கே அவருக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் குனிந்தார், கையை வைத்தார், சுவரோரம் பார்த்தார். இரண்டு பெண்களும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டடம் பழசு” என்றார். “ஒரு பக்கமா இறங்கியிருக்கு. அதான் இப்படி. போட்டவனைச் சொல்லித் தப்பில்ல, அவன் சரியாத்தான் போட்டிருப்பான். பின்னால இறங்கியிருக்கும். அவன் என்ன பண்ணுவான் பாவம்.”

சாவிக்காரி பெருமூச்சு விட்டாள். “கட்டடமே இறங்கிடுச்சுன்னா யாரை என்ன சொல்றது! தேவையில்லாம ஒரு மனுஷனைத் திட்டிட்டேன் போல.” பட்டன் தைத்த சட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சாவிகள் குலுங்க அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

மனைவி ஊசியைத் தலையணையின் ஓரத்தில் குத்திவைத்தாள். அவர் டீ போடப் போனார். கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவள் எடுக்கவில்லை.

“கட்டடம் இறங்கினா சுவத்துல வெடிப்பு விடும்னு சொல்லுவீங்கல்ல?”

“சில சமயம் விடும்.”

“கல்லு இணைப்பு பிளக்கும். கதவு இழுத்துக்கும்.”

“அது எப்பவும்னு சொல்ல முடியாது.”

“எப்பவும்னுதான் சொல்லியிருக்கீங்க.” அவள் சுவரை ஒருமுறை பார்த்தாள், கதவைப் பார்த்தாள். இரண்டும் நன்றாக இருந்தன. “முப்பத்தஞ்சு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். உங்க மச்சான் போட்ட தரையை அவர் வீட்டுச் சாவுல போய் நின்னு குறை சொன்னீங்க. சம்பந்தி வீட்டை விடல. கூட வேலை பார்த்தவன் ஒருத்தனையும் விடல. தப்பு பண்ணவன் பாவம்னு உங்க வாயில இருந்து நான் கேட்டதே இல்ல. இன்னைக்கு முகம் தெரியாத ஒருத்தனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்றீங்க.”

“வயசாயிடுச்சு. எதுக்கு ஒருத்தனை...”

“எப்பப் போட்டீங்க?”

அவர் எதிரில் உட்கார்ந்தார். கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“நாலு வருஷம் ஆச்சு.”

“தெரியாமப் போட்டீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

“ஏன்?”

பழைய தளத்தைப் பற்றி, கொத்த வேண்டியிருந்ததைப் பற்றி, திங்கட்கிழமை வேலையைப் பற்றி, மணிக்கட்டு வலியைப் பற்றிச் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், குழாய் வேலைக்காரரிடம் சொன்னதையும் சொல்லிவிட்டார். வந்து போறவங்க வீடுதானே என்று.

“வந்து போறவங்க” என்றாள் அவள். “அவங்களுக்கு இடுப்பு இருக்காதுன்னு நினைச்சீங்களா?”

அவர் டீ டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

“ஆஸ்பத்திரியில வேண்டாம்னு சொன்னீங்களே, அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லலாம்னுதான் வாயைத் திறந்தேன். நீங்க எல்லாம் சிரிச்சீங்க.”

“சிரிச்சா என்ன? சிரிச்சு முடிச்சதும் சொல்லியிருக்கலாம்ல?”

டீ ஆடை படர்ந்து கிடந்தது. அவள் நடைச்சட்டத்தைப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை.

“அப்ப தினமும் கதவுக்கு வெளியே நின்னது இதுக்குத்தானா?”

“நீ விழுந்துடக் கூடாதுன்னுதான்.”

“எனக்காகன்னு நினைச்சேன்.”

“உனக்காகத்தான்.”

“இல்லங்க. வேற எவனாவது போட்ட தரையா இருந்தா நின்னிருப்பீங்களா?”

பொய் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே ஒன்று சொல்லியாகிவிட்டது. அவர் யோசித்தார். யோசித்ததே பதிலாகிவிட்டது.

“தங்கச்சிகிட்ட வேற பெருமையடிச்சுட்டேன்” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “இனி அவகிட்ட என்னன்னு சொல்றது? மனுஷன் மாறலடி, தரையைக் காவல் காத்தாருன்னா?”

மறுநாள் காலை அவர் துணியோடு குளியலறை வாசலில் காத்திருந்தார். அவள் நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவர் நீட்டிய கையைத் தாண்டிப் போய், கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

“கதவைத் திற. விழுந்துடுவே.”

“விழ மாட்டேன். எந்தப் பக்கம் சரியுதுன்னு இப்ப எனக்குத் தெரியும்.”

நாற்காலி இழுபடும் சத்தம். தண்ணீர் விழும் சத்தம். அவர் கதவோடு காதை ஒட்டி நின்றார். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து அவர் கால்விரல்களை நனைத்தது. அவர் நகரவில்லை. அவள் வெளியே வர அரைமணி நேரமாயிற்று. அவள் நெற்றியில் வியர்த்திருந்தது. ஒரு கையில் நடைச்சட்டம், இன்னொரு கையில் ஈரத்துணி. அவளே துடைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். பழைய மேஸ்திரி பேசுகிறேன் என்று சொல்லி, குளியலறைத் தரையை உடைத்து மறுபடி போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம், கல்லும் என் செலவு என்றார்.

“எத்தனை நாள் ஆகும்?”

“உடைச்சுப் போட்டுக் காய, ஆறு நாள்.”

“ஆறு நாளா! வருஷக் கடைசி வரைக்கும் ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க மேஸ்திரி. நடுவுல ஒருநாள்கூட இடம் இல்ல.”

“யாராவது விழுந்துட்டா?”

“நாலு வருஷமா யாரும் புகார் சொல்லலையே. ரெண்டு நாள் இருந்துட்டுப் போறவங்க, எதுக்கு இவ்வளவு கவலைப்படறீங்க? ஒரு கால்மிதி வாங்கிப் போடச் சொல்றேன்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். “என்ன சொன்னாரு?”

“கால்மிதி போடறாராம்.”

“உங்களுக்கேத்த வீட்டுக்காரருதான்” என்றாள்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர்கள் சண்டை போடவில்லை. பயிற்சி நிலையத்துக்குச் சேர்ந்தே போனார்கள். பட்டன் கடை வாசலில் அவள் நிற்கவில்லை. நடைச்சட்டத்தை விட்டுவிட்டு ஊன்றுகோலுக்கு மாறலாம் என்று பயிற்சியாளர் சொன்னார். பன்னிரண்டு நாளில் இவ்வளவு தேறியவர்கள் குறைவு, வீட்டில் யாரோ நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அவள் ஊன்றுகோலின் உயரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற நாள் பதினோரு மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். சாவிக்காரி வந்துவிட்டாள். அவர் இரண்டு பைகளையும் நடைச்சட்டத்தையும் லிப்ட் அருகில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். மனைவி ஊன்றுகோலோடு கூடத்தில் நின்றாள்.

“தெருவுக்கு இறங்க ஆறு படி இருக்கும்மா. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கிக்கறேன்” என்றாள் சாவிக்காரியிடம்.

“வாங்கக்கா, இதோ. ஏன், அண்ணன் இருக்காரே?”

“நீ வா.” பிறகு கணவரைப் பார்த்தாள். “அதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடுங்க. அவளுக்கு இது தெரியாம அவ கையைப் பிடிக்க என்னால முடியாது.”

“என்னக்கா? என்ன சொல்லணும்?”

அவர் மனைவியைப் பார்த்தார். இந்த ஒருதடவை அவள் அவருக்காகப் பேசவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

“கட்டடம் இறங்கல” என்றார் அவர். “அன்னைக்குச் சொன்னது பொய். அந்தத் தரையை நான்தான் போட்டேன். அப்பவே தெரியும் எனக்கு.”

சாவிக்காரி அவரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், அக்காவின் இடுப்பைப் பார்த்தாள். அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் நின்றார். அவள் முதலில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அக்கா, அன்னைக்கு நான் சொன்னது... விழணும்னு...”

“நீ யாரைச் சொன்னேன்னு உனக்கென்ன தெரியும்? விடு.”

மணிக்கட்டு எலும்பு மேடாயிருந்த கையை நீட்டினாள் சாவிக்காரி. மனைவி அதைப் பிடித்துக்கொள்ளப் போனவள், நிறுத்தி, மறு கையைக் கேட்டு வாங்கிப் பிடித்துக்கொண்டாள். இருவரும் லிப்டுக்குள் போனார்கள். இரண்டு பேருக்குத்தான் இடம். அவர் பைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினார். கீழே வந்தபோது அவர்கள் ஆறு படியையும் இறங்கி முடித்திருந்தார்கள். நடைச்சட்டத்தை மேலேயே விட்டுவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மனைவியை வாடகைக் காரில் உட்காரவைத்துவிட்டு, சாவிக்காரியோடு மறுபடி மேலே போனார். லிப்டில் இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்குள் போனதும் அவள் நேராகக் குளியலறைக்குப் போய் வாளியை எடுத்தாள், மண்டியிட்டாள். காலையில் மனைவி குளித்த தண்ணீர் கதவோரம் மிச்சமிருந்தது. லிப்ட் அருகில் இருந்த நடைச்சட்டத்தை எடுக்காமல் அவரும் பின்னாலேயே வந்து குளியலறை வாசலில் நின்றார்.

“குடும்மா, நான் துடைக்கறேன்” என்றார்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். “மூணு மணிக்கு அடுத்தவங்க வந்துடுவாங்க.”